ஊசி தணித்ததும் ஊர் திரித்ததும்

அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலியையும் சீன மருத்துவத்தையும் இணைத்துப் பேசுவோர், 1971-ஆம் ஆண்டு நிகழ்வொன்றைத் தவறாமல் சுட்டுவர். நியூயார்க் டைம்ஸ் இதழாளர் ஜேம்ஸ் ரெஸ்டனுக்கு, அக்குபங்சர் ஊசியால் மட்டுமே உணர்வை மரக்கச் செய்து, பெய்ஜிங்கில் குடல்வால் அகற்றப்பட்டது என்பதே அக்கதை. ரெஸ்டன் எழுதியதோ வேறு.

1971 ஜூலை 26 அன்று வெளியான அவரது கட்டுரையின்படி, அறுவை சிகிச்சை வழக்கமான உணர்வகற்றும் மருந்தைச் செலுத்தியே நடைபெற்றது. அதன்பின் இரண்டாம் நாள் இரவில் வயிற்று உப்புசம் வருத்தியபோதுதான், அவரது ஒப்புதலுடன் முழங்கையிலும் முழங்கால்களுக்குக் கீழும் மூன்று ஊசிகள் செருகப்பட்டன. மூலிகைத் துண்டுகளைக் கொளுத்தி வயிற்றருகே வெப்பமும் காட்டினர். ஒரு மணி நேரத்துக்குள் உப்புசம் தணிந்தது.

சீனர் இம்மருத்துவத்தை 'ஜென்ஜியூ' என்பர்; 'ஜென்' ஊசி, 'ஜியூ' மூலிகைச் சூடு. லத்தீன் வேர்களால் அமைந்த 'அக்குபங்சர்' என்ற சொல்லில் ஊசி மட்டுமே எஞ்சியது. ரெஸ்டன் பெற்றதோ இரண்டும் சேர்ந்த சிகிச்சை. சொல்லில் சூடு மறைந்தது போலவே, கதையில் மருந்தும் மறைந்தது.

இந்தியாவுக்கு இம்முறை 1971-க்கு முன்பே வந்துவிட்டது. ஜப்பானியப் படையெடுப்பை எதிர்த்த சீனாவுக்கு 1938-இல் காங்கிரஸ் அனுப்பிய ஐவர் மருத்துவக் குழுவில், துவாரகாநாத் கோட்னிஸ் 1942-இல் அங்கேயே மறைந்தார். உடன் சென்ற பிஜய் குமார் பாசு தாயகம் திரும்பினார். 1950-களின் இறுதியில் அவர் மீண்டும் சீனா சென்று அக்குபங்சர் பயின்று, 1959-இல் கல்கத்தாவில் அச்சிகிச்சையைத் தொடங்கினார். நவீன மருத்துவம் கற்ற ஒருவர் வழியாகவே ஊசி இங்கு வந்தது என்பது கருதத்தக்கது. 1996-இல் மேற்கு வங்கம் அதற்கெனத் தனிச் சட்டமும் இயற்றியது.

அறுவைக்குப் பிந்தைய குமட்டலைக் குறைப்பதில், மணிக்கட்டின் உட்புறத்திலுள்ள 'பி6' புள்ளியைத் தூண்டுவது பயன்தருவதைக் காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு ஏற்கிறது. வலி தணிப்பதிலோ சான்றுகள் கலவையானவை. மயக்க மருந்துக்குத் துணையாக நிற்பது வேறு. அதன் இடத்தையே பிடிப்பது வேறு. இவ்வேறுபாட்டை அழிக்கும் கதை சீன மருத்துவத்துக்குப் பெருமை சேர்ப்பதில்லை. அறுவை மேசையில் கிடக்கும் நோயாளிக்குத் தீங்கே சேர்க்கும். ரெஸ்டனின் நேர்மையான குறிப்பு, மிகைக்கதையைவிட அம்மருத்துவத்துக்குச் செய்த நன்மை பெரிது.