பூப்பும் கருத்தோற்றமும்

பூப்பினை அடுத்த பன்னிரு நாளும் தலைவன் தலைவியைப் பிரிந்துறைதல் அறமன்று என்பது தொல்காப்பியக் கற்பியல் விதி. அதுவே கருத்தோன்றும் காலம் என்பர் உரையாசிரியர். 19ஆம் நூற்றாண்டின் ஐரோப்பிய மருத்துவர் பலரும் அவ்வாறே எண்ணினர். ஆயின், கருமுட்டை வெளிப்படுதல் அடுத்த பூப்பிற்கு ஏறத்தாழ 14 நாட்களுக்கு முன்னரே என்பதனைச் சப்பானியராகிய ஒகினோ 1924-இலும், ஆசுத்திரியராகிய குனௌசு 1928-இலும் வெவ்வேறாக ஆராய்ந்து கூறினர்.

28 நாட் சுழற்சியில் அது 14ஆம் நாளை ஒட்டி அமையும். பூப்பின் முதல் மூன்று நாளை விலக்கி எண்ணின், பன்னிரு நாளும் 4 முதல் 15 வரையாகி அந்நாளை உள்ளடக்கும். முதல் நாள் தொட்டே எண்ணின் அது புறத்தே நிற்கும். எனினும், விந்தணு ஐந்து நாள் வரை உயிர்தாங்க வல்லது. ஆதலின், சுழற்சி குறுகியோர்க்குப் பூப்பு நாட்கூட்டமும் கருப்பயத்தல் கூடும்.

ஆகவே, எண்ணத் தொடங்கும் நாளை உரைகொண்டு துணிந்த பின்னரே நூற்பாவின் மருத்துவ நுட்பத்தைப் போற்றுதல் ஆய்வு முறையாகும்.