ஜொகூர்க் காட்டில் மானும் தோட்டாவும்

1895 முதல் 1959 வரை ஜொகூரை ஆண்ட சுல்தான் இப்ராகிம் புலி வேட்டையிற் பெயர் பெற்றவர். புலி திரிந்த காடுகளிலேயே கடமானும் கேளையாடும் திரிந்தன. மலாய் மக்கள் இவற்றை ரூசா என்றும் கீஜாங் என்றும் கூறுவர். இம்மான்களை வீழ்த்த எத்தகைய குண்டு தக்கது என்னும் கேள்விக்கு விடை தந்தது, வியப்பாக, ஒரு போர்க்களமாகும்.

பிரிட்டிஷ் படையின் .303 துப்பாக்கிக் குண்டு மெல்லியது. ஈயத்தின் நுனி வரை உலோக உறை போர்த்தது. 1895இல் நிகழ்ந்த சித்ரால் போரில், குண்டு பட்டவரும் வீழாது முன்னேறினர் என்று படையினர் குறை கூறினர். கல்கத்தாவை அடுத்த டம்டம் ஆயுதச்சாலையில் கப்டன் பெர்ட்டி கிளே என்பார் நுனியுறையை நீக்கி, உடலிற் பட்டதும் நாய்க்குடைபோல் விரியும் குண்டைச் செய்தார். 1899இல் ஹேக் மாநாடு இதனைப் போருக்கு விலக்கிற்று. வேட்டைக்கு அவ்விலக்கு இல்லை.

அடர்ந்த காட்டில் மான் இருபது முப்பது கஜத்துக்குள் தோன்றி நொடியில் மறையும். முழு உறைக் குண்டு சிறு துளையிட்டு அப்பாற் சென்றுவிட, மான் பிரம்புப் புதருட் பாயும். சிந்தும் இரத்தம் சிறிது. அதையும் மழை கழுவிவிடும். பிறகு அது எங்கோ கிடந்து மெல்லச் சாகும். விரியும் குண்டோ விரைவில் வீழ்த்திவிடும். போரில் கொடுமை எனப்பட்டதே இங்கு இரக்கமாயிற்று. எலும்பைத் துளைக்க வேண்டிய யானை வேட்டைக்கு மட்டும் உறைக்குண்டே வேண்டும். இலேசான குண்டு மிகு வேகத்திற் சென்றால் தோலடியிலேயே சிதறி இறைச்சியைக் கெடுக்கும். ஆகவே கனத்த, வேகங்குறைந்த குண்டையே காட்டு வேட்டைக்காரர் விரும்பினர். கனத்த குண்டு சுள்ளிகளை வெட்டி நேரே செல்லும் என்றும் அவர்கள் நம்பினர். அது முழு உண்மையன்று. கிளையிற் பட்டால் எக்குண்டும் திசை மாறும்.

மருந்தடைப்பதிலும் ஒரு சிக்கல் இருந்தது. கார்டைட் என்னும் வெடிமருந்து வெயிலில் சூடேறினால் அழுத்தம் மிகும். குளிர்நாட்டுக்கென அடைத்த தோட்டாவைச் சுட்டால் அதன் கூடு துப்பாக்கியறையில் இறுகிக்கொள்ளும். ஆதலின் வெப்ப நாடுகளுக்கு மருந்தைக் குறைத்து அடைத்தனர்.

தாமே தோட்டா அடைப்பது மலாயாவில் எளிதாக இருக்கவில்லை. 1948இல் தொடங்கிய அவசரகாலத்தில், உரிமமின்றி ஆயுதம் வைத்திருந்தோர்க்கு மரணதண்டனையும் கிட்டியது. 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் உரிமமின்றித் தோட்டா செய்வதைக் குற்றமாக்கிற்று. 2009இல் தீபகற்ப மலேசியாவில் கடமானுக்கும் கேளையாட்டுக்கும் வேட்டை உரிமம் வழங்குவதே நிறுத்தப்பட்டது. மான்கள் அருகிவிட்டமையே காரணம்.