ஷேன் லௌரி: அமெச்சூரிலிருந்து தொழில்முறைக்கு, 2009–2019

அயர்லாந்தில் சிறந்த அமெச்சூர் கோல்ஃப் வீரர்கள் எல்லோரும் தொழில்முறைக்குப் போனதில்லை. பிரிட்டிஷ் அமெச்சூர் பட்டத்தை 1953, 1958, 1960 என மூன்று முறை வென்ற ஜோ கார் கடைசிவரை அமெச்சூராகவே ஆடினார். பாட்ரிக் ஹாரிங்டன் கணக்கியல் படித்தார். அமெச்சூர் அணிகளுக்கான வாக்கர் கோப்பையில் மூன்று முறை ஆடிய பிறகு, 1995இல்தான் தொழில்முறைக்கு வந்தார். நிதானமான இந்த மரபில்தான் ஆஃபலி மாவட்டத்துக் கிளாரா ஊர்க்காரரான ஷேன் லௌரியும் வளர்ந்தார். 1982இல் அகில அயர்லாந்து கேலிக் கால்பந்துப் பட்டம் வென்ற ஆஃபலி அணியில் அவருடைய தந்தை பிரெண்டன் ஆடியிருக்கிறார். ஆகவே பெரிய ஆட்டங்களின் நெருக்கடி அந்த வீட்டுக்குப் புதிதல்ல.

ஆனால் லௌரிக்கு நிதானிக்க நேரமே கிடைக்கவில்லை. 2009 மே மாதம் பால்ட்ரேயில் ஐரிஷ் ஓபன் நடந்தது. ஐரோப்பியச் சுற்றில் அவர் ஆடிய முதல் போட்டி அதுவே. இரண்டாம் நாள் 62 அடித்தார். கடைசி நாள் மழையிலும் காற்றிலும், கடைசிக் குழியில், வெற்றிக்கான எளிய வாய்ப்பு ஒன்றைத் தவறவிட்டார். பிறகு ராபர்ட் ராக்குடன் மோதி, மூன்றாவது கூடுதல் குழியில் பட்டம் வென்றார். அமெச்சூர் என்பதால் 5 லட்சம் யூரோ முதல் பரிசை அவரால் பெற முடியவில்லை. அது ராக்குக்குப் போனது. எனினும் ஐரோப்பியச் சுற்றில் ஆடும் உரிமை லௌரிக்குக் கிடைத்தது. அதற்கு முன் இரண்டே அமெச்சூர்கள்தான் அந்தச் சுற்றில் வென்றிருந்தனர்: 2007இல் பாப்லோ மார்ட்டின், 2009இன் தொடக்கத்தில் டேனி லீ. செப்டம்பரில் வரவிருந்த வாக்கர் கோப்பையைக் கைவிட்டு லௌரி உடனே தொழில்முறை வீரரானார். தொழில்முறை வீரராக ஆடிய முதல் போட்டியிலேயே பாதியில் வெளியேற நேர்ந்தது.

ஆட்டக்காரரின் தகுதி ஒரு வாரத்தில் மாறிவிடலாம். அதற்குரிய மனப்பக்குவம் வரப் பல ஆண்டுகள் பிடிக்கும் என்பதற்கு லௌரியின் பத்தாண்டுகளே சான்று. 2012இல் போர்ச்சுகல் மாஸ்டர்ஸ், 2015இல் அக்ரானில் பிரிட்ஜ்ஸ்டோன் எனப் பட்டங்கள் வந்தன. எனினும் 2016 அமெரிக்க ஓபன்தான் முக்கியமான தடயம். ஓக்மாண்டில் மூன்று சுற்றுகள் முடிந்தபோது நான்கு ஸ்ட்ரோக் முன்னிலையில் இருந்தவர், கடைசிச் சுற்றில் 76 அடித்து டஸ்டின் ஜான்சனிடம் பட்டத்தை இழந்தார். 2018இல் கார்னூஸ்டியில் நடந்த பிரிட்டிஷ் ஓபனில் பாதியில் வெளியேறினார்; அதன் முதல் நாளிலேயே வண்டி நிறுத்துமிடத்தில் அழுததை அவரே பின்னர் சொன்னார். அதே ஆண்டில் அமெரிக்கச் சுற்றில் ஆடும் தகுதியும் கைநழுவியது.

2019இல் போர்ட்ரஷில் பிரிட்டிஷ் ஓபன் நடந்தது. 1951க்குப் பிறகு அந்தப் போட்டி அங்கு திரும்பியது அப்போதுதான். சனிக்கிழமை 63 அடித்த லௌரி, மீண்டும் நான்கு ஸ்ட்ரோக் முன்னிலையோடு கடைசி நாளில் இறங்கினார். ஓக்மாண்டில் இருந்த அதே இடைவெளி. இம்முறை கொட்டும் மழையிலும் அது கரையவில்லை. 72 அடித்து, டாமி ஃபிளீட்வுட்டை ஆறு ஸ்ட்ரோக் வித்தியாசத்தில் வென்றார். இரண்டு நாட்களையும் அருகருகே வைத்துப் பார்த்தால், இடைப்பட்ட மூன்றாண்டுகளில் அவர் கடந்துவந்த தூரம் பிடிபடும். பால்ட்ரே வெற்றியைவிட இதையே அவருடைய தொழில்முறை வாழ்வின் உண்மையான தொடக்கம் என்று நான் மதிப்பிடுகிறேன்.

வாக்கர் கோப்பையில் ஆடாமலே போன லௌரி, தொழில்முறை வீரர்களுக்கான ரைடர் கோப்பையில் 2021 முதல் மூன்று முறை ஐரோப்பாவுக்காக ஆடியிருக்கிறார். 2025இல் பெத்பேஜில் அமெரிக்க அணியின் ரஸ்ஸல் ஹென்லியுடன் மோதினார். கடைசிக் குழியில் லௌரி அடித்த பர்டி அந்த ஆட்டத்தைச் சமன் செய்து, கோப்பை ஐரோப்பாவிடமே தங்குவதை உறுதிசெய்தது.