காதற்பாட்டு சிலுவையடிக்கு வந்த கதை

ஒரு தவக்காலத்து மாலையில், வெள்ளாற்றங்கரை ஊராகிய லப்பைக்குடிக்காட்டில் இசையார்வலரான இசுலாமிய நண்பர் ஒருவரின் இல்லத்தில் அமர்ந்திருந்தோம். தொழுகை முடிந்து அவர் திரும்பியதும், நாம் கொண்டு சென்றிருந்த ஒலிப்பதிவொன்றைப் போட்டுக் காட்டினோம். பல குரல்கள் இணைந்து பாடும் ஜெர்மானியப் பாடல் அது. மொழி அறியாத நண்பர் கண்மூடிக் கேட்டுவிட்டு, "இது தாலாட்டா, ஒப்பாரியா சார்?" என்று வினவினார்.

முள்முடி சூடிய ஆண்டவரின் திருமுகத்தை நோக்கிப் புனித வெள்ளியன்று பாடப்பெறும் பாடல் அது. ஒப்பாரி என்றே நாம் விடை கூறியிருக்கலாம். ஆயினும் அதன் பிறப்பை அறிந்திருந்தமையால் உடனே நா எழவில்லை.

நூரம்பெர்க் நகரில் 1564-இல் பிறந்தவர் ஹான்ஸ் லியோ ஹாஸ்லர். இத்தாலியின் வெனிஸ் நகரில் இசை பயின்றவர்; தாம் சீர்திருத்த சபையினராக இருந்தும், ஆக்ஸ்பர்கில் ஃபுக்கர் என்னும் கத்தோலிக்கச் செல்வக் குடும்பத்தில் ஆர்கன் வாசித்தவர்; நம் திருப்பலிக்கும் இசையமைத்தவர். 1601-இல் அவர் வெளியிட்ட தொகுப்பில் ஐந்து குரல்களுக்கான காதற்பாட்டொன்று உண்டு. இளமங்கை ஒருத்தியால் மனம் கலங்கிய காதலன் பாடுவது. அதன் ஐந்து அடுக்குகளின் முதலெழுத்துகளைக் கோத்தால் 'மரியா' என்று வரும். நம் அன்னையை எண்ணி அன்பர்கள் கைகூப்ப வேண்டா. அவள் யாரோ ஒரு மானிடப் பெண்!

அப்பாட்டின் நடை துள்ளல் நடை. இரண்டிரண்டாகவும் மும்மூன்றாகவும் மாறிமாறி விழும் தாளம், நாட்டியத்துக்கு நெருங்கியது. ஹாஸ்லர் 1612-இல் மறைந்தார். மறு ஆண்டே அவர் மெட்டில் நல்மரணம் வேண்டும் ஞானப்பாடலொன்று அச்சேறிவிட்டது. 1656-இல் யோஹான் க்ரூகர், பவுல் கெர்ஹார்ட்டின் பாடுகளின் பாடலை இதே மெட்டில் அமைத்தார். அச்சொற்களுக்கு மூலம் இடைக்கால இலத்தீன் செபப்பாடல். நெடுங்காலம் புனித பெர்நார்துவின் பெயரில் வழங்கி, இன்று 1250-இல் இறந்த லூவென் நகர அர்னுல்ஃப் என்ற துறவிக்கு உரியதெனக் கருதப்படுவது.

மெட்டின் சுரங்கள் பெரிதும் மாறவில்லை. மாறியது காலப்பிரமாணமே. ஆலயம் நிறைந்த மக்கள் கூடிப் பாடப்பாடத் துள்ளல் தேய்ந்தது. நெடிலும் குறிலுமாக இருந்த சுரங்கள் ஒரே அளவாயின. நடை தளர்ந்து துயரம் குடிபுகுந்தது.

சுருதியின் செய்தி இன்னும் வியப்புக்குரியது. சங்கராபரணத்தின் காந்தாரத்தைச் சட்சமாகக் கொண்டால் தோடி பிறக்கும் என்பதை இசையறிந்தோர் அறிவர். இம்மெட்டு முடிவது அக்காந்தாரத்தில்தான். ஆகவே அதைத் தாங்கும் குரல்களுக்கேற்ப, சங்கராபரணத்தின் நிறைவும் ஆகலாம். தோடியின் ஏக்கமும் ஆகலாம். பாக் என்னும் மேதை 1727-இல் தம் மத்தேயு பாடுகளின் இசையில் இதை ஐந்து முறை கையாண்டார். பேதுருவின் மறுதலிப்பு முன்னறிவிக்கப்படும் பகுதிக்கு முன்னொரு முறை. பின்னொரு முறை, அரைச் சுரம் தாழ்த்தி. ஆண்டவர் உயிர்விட்டபின் வருவதில்தான் தோடியின் இருள் முழுமையாகக் கவிகிறது. அவரே 1734-இல் கிறிஸ்து பிறப்புக் காலத்துக்கென இயற்றிய இசையின் இறுதியில், இதே மெட்டை எக்காளமும் பேரிகையும் முழங்க வெற்றிப் பாடலாக்கினார்! 'இந்த மெட்டு கோவிலுக்குள் வரலாமா?' என்று நம் பாடகர் குழுக்களில் எழும் வழக்கை இதன்பின் நாம் அத்தனை எளிதில் தீர்ப்பதில்லை.

இம்மெட்டு தமிழுக்கும் வந்தது. 1706-இல் சீகன்பால்கு தரங்கம்பாடியில் இறங்கியபின், ஜெர்மானிய ஞானப்பாடல்கள் அவற்றின் மெட்டோடே தமிழாயின. இப்பாடலும் லுத்தரன் சபையார் பாட்டுப் புத்தகத்தில் உண்டு. அக்காலத்திலேயே ஏலாக்குறிச்சியில் வாழ்ந்த நம் வீரமாமுனிவரோ தமிழ் யாப்பையே கைக்கொண்டார். தமிழில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு. எல்லாச் சுரமும் ஒரே அளவான மெட்டில் அந்த வேறுபாடு கரைந்துவிடுகிறது. ஹாஸ்லரின் பழைய துள்ளல் நடையோடு வந்திருந்தால் நம் சொற்களுக்கு இன்னும் இசைந்திருக்கும் என்றே நமக்குத் தோன்றுகிறது.

இவற்றையெல்லாம் நண்பரிடம் கூறினோம். பொறுமையாகக் கேட்டவர், அந்த முதற்பாட்டைப் போடச் சொன்னார். அது நம்மிடம் இல்லை. மேசைமேல் விரலால் தாளமிட்டு, நமக்கிருந்த குரலில் விரைவாகப் பாடிக் காட்டினோம். உள்ளறையிலிருந்து அவருடைய பேரப்பிள்ளை சிரித்துக்கொண்டே ஓடிவந்தாள்.