அலறும் பேய்க்குள் ஒரு பெண் இருக்கிறாள்

நள்ளிரவில் ஆந்தை அலறினால் நம் வீட்டுப் பாட்டிமார் என்ன சொல்வார்கள்? "சாக்குருவி கத்துது, யார் வீட்டுல விழப்போகுதோ" என்பார்கள். இதையே அயர்லாந்துக் கிராமத்துப் பாட்டியும் சொல்லியிருக்கிறாள். ஆனால் அவள் காதில் விழுந்தது பறவையின் குரல் அல்ல, ஒரு பெண்ணின் அழுகை. அந்தப் பெண்ணுக்குப் பெயர் பான்ஷீ.

ஆங்கிலத்தில் எழுதப்படும் திகில் நாவல்களில் பான்ஷீக்குத் தனி இடம் உண்டு. கலைந்த கூந்தல், சிவந்த கண், காதைக் கிழிக்கும் அலறல் என்று அவளை வைத்து எழுதுகிறார்கள். பினாங்குத் தீவில் வளர்ந்த தமிழ்ப் பிள்ளைக்கு இந்த வர்ணனையைப் படித்துக் காட்டினால், "இது நம்ம பொந்தியானாக் ஆச்சே!" என்று சொல்லிவிடும். ஆயிரக்கணக்கான மைல் இடைவெளி. மொழி வேறு, மதம் வேறு. இருந்தும் பேய் மட்டும் எப்படி ஒரே ஜாடையில் இருக்கிறது?

கூலிக்கு அழுதவர்கள்

முதலில் அயர்லாந்தைப் பார்ப்போம். பான்ஷீ என்ற சொல்லுக்கு மாயமேட்டில் வாழும் பெண் என்று பொருள். பழைய அயர்லாந்துக் குடும்பங்கள் சிலவற்றுக்கு மட்டுமே அவள் உரியவள் என்று நம்பினார்கள். 'ஓ' என்றும் 'மாக்' என்றும் தொடங்கும் குலப்பெயர் கொண்ட வீடுகளில் சாவு நேரப்போகிறது என்றால், அவள் வாசலுக்கு வெளியே வந்து அழுவாளாம்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். பான்ஷீ யாரையும் கொல்வதில்லை. அவள் சாவைக் கொண்டு வருகிறவள் அல்ல. சாவுக்கு முன்கூட்டியே அழுகிறவள். பட்ரிசியா லைசாட் என்ற அயர்லாந்து ஆய்வாளர் 1986-ல் வெளியிட்ட தம் நூலில் அவளை மரணத் தூதர் என்றே குறிப்பிட்டார்.

இந்த உருவம் வெறும் கற்பனையில் பிறந்தது அல்ல. அயர்லாந்தில் சாவு வீட்டுக்கு வந்து மார்பில் அடித்துக்கொண்டு, இறந்தவரின் பெருமையைச் சொல்லிப் பாடி அழும் பெண்கள் இருந்தார்கள். சிலர் கூலி வாங்கிக்கொண்டும் அழுதார்கள். நம் ஊர் ஒப்பாரியேதான்! கத்தோலிக்கத் திருச்சபைக்கு இது பிடிக்கவில்லை. பலமுறை கண்டித்தது. மெல்ல மெல்ல அந்த வழக்கம் மறைந்தது. அழுத பெண்கள் போய்விட்டார்கள். அவர்களின் குரல் மட்டும் பேயாக நின்றுவிட்டது.

கண்ணாடி மணியும் கோழி முட்டையும்

இனி நம் பக்கம் வருவோம். 1786-ல் பிரான்சிஸ் லைட் பினாங்கில் ஆங்கிலேயக் கொடியை ஏற்றிய காலத்திலிருந்தே ஜார்ஜ்டவுன் பல சாதியினர் கூடிய துறைமுகம். மலாய்க்காரர், சீனர், தமிழர், அரபியர், பர்மியர் என்று ஆளுக்கொரு சாமியோடு வந்து இறங்கினார்கள். ஆளுக்கொரு பேயோடும் வந்தார்கள் என்று சொன்னால் தப்பில்லை. சீனர்கள் ஏழாம் மாதத்தில் பசித்த ஆவிகளுக்குப் படையல் வைத்தார்கள். தமிழர்கள் முனியாண்டியை மரத்தடியில் நிறுத்தினார்கள். மலாய்க்காரர்களிடம் லங்சூயரும் பொந்தியானாக்கும் முன்பே இருந்தன.

லங்சூயர் யார்? வால்டர் ஸ்கீட் என்ற ஆங்கிலேய அதிகாரி 1900-ல் வெளியிட்ட மலாய் மாந்திரீகம் பற்றிய நூலில் விவரமாக எழுதியிருக்கிறார். அவள் பிள்ளை பெற்றபோது இறந்த பெண். தன் குழந்தை செத்துப் பிறந்து பேயாகிவிட்டது என்று கேட்ட அதிர்ச்சியில் உயிரை விட்டு, கைகளைத் தட்டியபடி கனைத்துக்கொண்டே பறந்துபோய் மரத்தில் அமர்ந்தவள். கணுக்கால் வரை கூந்தல், நீண்ட நகம், பச்சை ஆடை, பிடரியில் ஒரு துளை. ஆந்தை உருவத்திலும் அவள் வருவாளாம். நம் சாக்குருவி இங்கேயும் வந்துவிட்டது, பாருங்கள்!

பிரசவத்தில் இறந்தவள் லங்சூயர் ஆகாமல் தடுக்க என்ன செய்தார்கள்? பிணத்தின் வாயில் கண்ணாடி மணிகளை இட்டார்கள். அக்குள்களில் கோழி முட்டை வைத்தார்கள். உள்ளங்கைகளில் ஊசி ஏற்றினார்கள். மணி வாயில் இருந்தால் அலற முடியாது. முட்டை அக்குளில் இருந்தால் கையை விரித்துப் பறக்க முடியாது. இதுதான் கணக்கு. செத்த பிறகும் ஒரு பெண் வாய் திறக்கக்கூடாது, கை நீட்டக்கூடாது!

ஸ்கீட் சொல்லும் இன்னொரு செய்தி இதைவிட நெஞ்சைத் தொடும். லங்சூயரைப் பிடித்து, நகத்தையும் கூந்தலையும் வெட்டிப் பிடரித் துளையில் அடைத்துவிட்டால், அவள் சாதாரணப் பெண்ணாகிவிடுவாள். திருமணம் செய்துகொண்டு பிள்ளைகூடப் பெறுவாள். ஆனால் ஊர் விழாவில் ஒருநாள் அவளை ஆட விட்டால், பழைய உருவம் எடுத்துப் பறந்துவிடுவாள்.

தமிழ் ரத்தம் ஓடிய முன்ஷி அப்துல்லா இந்த நம்பிக்கைகளைப் பற்றி எழுதியிருக்கிறார் என்பது பலருக்குத் தெரியாது. மலாக்காவில் பிறந்த அவருடைய முன்னோர் நாகூரோடு தொடர்புடையவர்கள். அவருக்குத் தமிழும் தெரியும். 1849-ல் வெளிவந்த தம் சுயசரிதையில் மலாய்க்காரர் பயந்த பேய்களைப் பற்றிச் சொல்கிறார். ஆனால் அவர் அவற்றை நம்பவில்லை.

பேயைப் படமாக்கிய தமிழ்ப்பட இயக்குநர்

இந்தப் பேயை வெள்ளித்திரைக்குக் கொண்டு வந்தவர் ஓர் இந்தியர். பெயர் பி. என். ராவ். 'சாலிவாகனன்' உள்ளிட்ட தமிழ்ப் படங்களை இயக்கிவிட்டுச் சிங்கப்பூருக்குப் போனவர். பினாங்கு மண்ணின் மைந்தர் பி. ரம்லியை 'ஹுஜான் பானாஸ்' படத்தில் இயக்கியவரும் இவர்தான். கேத்தே கெரிஸ் நிறுவனத்துக்காக அவர் எடுத்த 'பொந்தியானாக்' 1957 ஏப்ரலில் வெளிவந்தது. மலாயா சுதந்திரம் அடைய நான்கே மாதங்கள் இருந்த நேரம். மரியா மெனாடோ கதாநாயகி. படம் சக்கைப்போடு போட்டது. அதே ஆண்டில் ஒன்றும், 1958-ல் ஒன்றுமாக மேலும் இரண்டு படங்கள் தொடர்ந்தன.

கதை என்ன தெரியுமா? கூனும் அவலட்சணமுமாக இருந்த பெண் மந்திர மருந்தால் அழகியாகிறாள். ஒரே நிபந்தனை, ரத்தத்தைச் சுவைக்கக்கூடாது. அவள் கணவனைப் பாம்பு கடிக்கிறது. விஷத்தை உறிஞ்சி எடுக்கச் சொல்லிக் கணவனே கேட்கிறான். அவள் உறிஞ்சுகிறாள், பேயாகிறாள். கணவன் உயிரைக் காக்கப் போனவள்தான் ஊரைக் கொல்லும் பேயாக மாறுகிறாள்!

அந்த முதல் படத்தின் பிரதி இன்று இல்லை. தயாரிப்பாளர் ஹோ ஆ லோக் அதைச் சுரங்கக் குட்டையில் வீசிவிட்டார் என்று ஒரு கதை சொல்லப்படுகிறது. மூன்றாவது படமான 'சும்பா பொந்தியானாக்' தப்பிப் பிழைத்தது.

நீலி கேட்ட கேள்வி

தமிழர்களிடம் இப்படி ஒருத்தி இல்லையா? இருக்கிறாள். திருவாலங்காட்டை அடுத்த பழையனூர் நீலி. கணவனால் கொல்லப்பட்டவள், மறுபிறவியில் அவனைத் தேடி வந்து பழி தீர்த்தாள். கள்ளிக்கட்டையைப் பிள்ளையாக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு ஊர்ச்சபையில் நியாயம் கேட்டாள். அவனுக்கு வாக்குக் கொடுத்த வேளாளர் எழுபது பேர் தீப்பாய்ந்தார்கள் என்பது கதை. நாமோ இன்றைக்கும் பொய் அழுகைக்கு 'நீலிக் கண்ணீர்' என்கிறோம். கொல்லப்பட்டவளின் கண்ணீர் எப்படிப் பொய்யானது? யாரும் கேட்பதில்லை.

ஆனால் தமிழ் மரபு அவளை அத்தோடு விட்டுவிடவில்லை. தென்மாவட்டங்களில் அவள் கதை இசக்கியம்மன் கதையோடு கலந்து, அவள் கையெடுத்துக் கும்பிடும் தெய்வமானாள். சமணர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ஐஞ்சிறு காப்பியங்களில் ஒன்றான 'நீலகேசி'யில் அதே பழையனூர்ப் பேய் ஒரு முனிவரிடம் அறம் கற்று, ஊர் ஊராகப் போய்ப் பிற சமயத்து அறிஞர்களோடு வாதிட்டு வெல்கிறாள். அலறியவள் வாதிடுகிறாள்! பட்டிமன்றத்துக்குக் கூட்டம் சேரும் சமூகத்துக்கு இதைவிடப் பொருத்தமான பேய் வேறு யார்?

கிராமத்துச் சாலை ஓரங்களில் சுமைதாங்கிக் கல் நிற்பதைப் பலர் பார்த்திருப்பார்கள். பிள்ளையை வயிற்றில் சுமந்தபடியே இறந்த பெண்ணின் நினைவாக நட்ட கல் அது. அவள் இறக்கி வைக்க முடியாமல் போன சுமைக்காக, வழிப்போக்கர்கள் தங்கள் சுமையை அதில் இறக்கி வைத்து இளைப்பாறுகிறார்கள். ஒரே துயரம்தான். ஓர் ஊரில் அது பிணத்தின் கையில் ஊசியானது. இன்னோர் ஊரில் நிழலுக்குப் பக்கத்தில் கல்லானது.

மருத்துவச்சி வந்தாள்

பயம் எங்கிருந்து வந்தது என்பதற்குப் புள்ளிவிவரமே பதில் சொல்லும். 1950-ல் மலாயாவில் 1 லட்சம் பிரசவங்களுக்கு 500-க்கும் மேற்பட்ட தாய்மார்கள் இறந்தார்கள். ஒவ்வொரு கம்பத்திலும், ஒவ்வொரு தோட்டத்து லயத்திலும் பிரசவத்தில் போன ஒரு பெண்ணின் முகம் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். நாகப்பட்டினத்தில் கப்பலேறிப் பினாங்கில் இறங்கிய தமிழ்ப் பெண்களுக்கு அம்மா வீடு கடலுக்கு அப்பால் இருந்தது. தலைப்பிரசவத்துக்குப் போக வழியில்லை. நாட்டுப்புறங்களுக்குப் பயிற்சி பெற்ற மருத்துவச்சிகள் போனார்கள், கிராம சுகாதார நிலையங்கள் வந்தன, ரத்த வங்கி வந்தது. 1990-களுக்குள் அந்த எண்ணிக்கை 50-க்கும் கீழே இறங்கியது. பொந்தியானாக்கை விரட்டியதில் மந்திரவாதியைவிட மருத்துவச்சிக்குத்தான் பங்கு அதிகம்.

பேய் போய்விட்டதா? இல்லை. கதைக்குள் குடியேறிவிட்டது. மலேசியாவில் பிறந்த எழுத்தாளர் சென் சோ 2021-ல் வெளியிட்ட 'பிளாக் வாட்டர் சிஸ்டர்' என்ற ஆங்கில நாவலின் களம் பினாங்குதான். அமெரிக்காவில் வளர்ந்து பினாங்குக்குத் திரும்பும் இளம்பெண்ணின் காதில் இறந்துபோன பாட்டியின் குரல் கேட்கிறது. ஒரு கோயிலை இடித்துக் கட்டடம் கட்டப் பார்க்கும் பணக்காரர், வன்முறைக்குப் பலியாகித் தெய்வமான ஒரு பெண் என்று திகில் கதையாக நகர்கிறது. சீனக் குடும்பத்துக் கதை. ஆனாலும் இசக்கியைத் தெரிந்தவர்களுக்கு அந்தத் தெய்வத்தை அடையாளம் காணச் சிரமம் இருக்காது.

அயர்லாந்தின் பான்ஷீ, மலாய் லங்சூயர், பழையனூர் நீலி, பினாங்கு நாவலின் தெய்வம். நால்வரும் ஒரே வம்சம் என்று எவராலும் நிரூபிக்க முடியாது. அப்படி நிரூபிக்கவும் தேவையில்லை. பெண்கள் அநியாயமாகச் சாகும் எந்த ஊரும் தனக்கென்று ஒரு பேயை உண்டாக்கிக்கொள்ளும். அந்த ஊருக்கு உள்ளூரக் குற்ற உணர்வு இருக்கிறது என்பதற்கு அதுவே சாட்சி.

இந்த வாரக் கடைசியில் வீட்டில் திகில் படம் ஓடும். வெள்ளைப் புடவையும் விரித்த கூந்தலுமாக ஒருத்தி அலறுவாள். பிள்ளைகள் தலையணைக்குள் முகம் புதைப்பார்கள். அப்போது பெரியவர்கள் அவர்களிடம் ஒரு கேள்வியைக் கேட்டுப் பார்க்கலாம்: "அவள் எப்படிச் செத்தாள்?"

பயம் அங்கே பாதி தீர்ந்துவிடும். மீதி, இரக்கமாக மாறிவிடும்.