குளூட்டன் இல்லா உணவு: வரலாறும் அன்றாடமும்

குளூட்டன் இல்லா உணவு என்பது கோதுமை, பார்லி, ரை ஆகிய மூன்று தானியங்களையும் அவற்றிலிருந்து செய்யப்படும் பொருள்களையும் முற்றிலும் விலக்கிய உணவுமுறையாகும். சீலியாக் நோய் உள்ளவர்களுக்கு இதுவே மருத்துவம். வாழ்நாள் முழுவதும் இதைக் கைக்கொள்ள வேண்டும். உடல் மெலிவதற்கான வழியாகவும் நாகரிக உணவாகவும் இன்று விற்கப்படும் இம்முறை, தொடக்கத்தில் வயிற்றுப்போக்காலும் மெலிவாலும் இறந்துகொண்டிருந்த குழந்தைகளைக் காப்பதற்காக உருவானது. அந்நோய்க்கு உணவே தீர்வு என்பதை மருத்துவர்கள் 19ஆம் நூற்றாண்டிலேயே சொல்லிவிட்டனர். எந்த உணவை விலக்க வேண்டும் என்று அறிய மேலும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆயின.

குளூட்டன் என்னும் பசை

கோதுமை மாவைப் பிசைந்து உருட்டி, ஓடும் நீரில் கசக்கிக் கழுவினால் வெண்மையான மாச்சத்து நீரோடு போய்விடும். கையில் மிஞ்சும் ரப்பர் போன்ற பசைதான் குளூட்டன். இத்தாலியின் பொலோன்யா நகரைச் சேர்ந்த பெக்காரி 1728இல் இவ்வாறு அதைப் பிரித்தெடுத்து விளக்கினார். அவருடைய ஆய்வு 1745இல் அச்சானது. பரோட்டா மாவு கிழியாமல் வீசி விரிவதும், ரொட்டி உப்பி எழுவதும் இந்தப் பசையால்தான். அல்வா செய்வோரும் இதை அறிவர். ஊறவைத்து அரைத்த கோதுமையைப் பிழிந்து பால் எடுத்தபின் சக்கையில் ஒட்டும் பிசுபிசுப்பு அதுவே. ஆயினும் கோதுமைப் பாலிலும் ஓரளவு குளூட்டன் கலந்திருக்கும் என்பதால் அல்வா இந்நோயாளிகளுக்கு ஆகாது.

சிறுகுடலின் உட்சுவரில் விரல்கள் போன்ற நுண்ணிய உறிஞ்சிகள் அடர்ந்திருக்கும். மரபணு வழியாக இந்நோய்க்கு வாய்ப்புள்ளவர்கள் குளூட்டன் உண்ணும்போது உடலின் நோயெதிர்ப்பு மண்டலம் அந்த உறிஞ்சிகளையே தாக்கித் தட்டையாக்கிவிடுகிறது. அதன்பின் எவ்வளவு உண்டாலும் சத்து உடலில் சேராது. ஆகவே இதை வெறும் ஒவ்வாமை என்று சொல்வது சரியன்று.

ரொட்டியை அனுமதித்த மருத்துவர்

ரோமானியப் பேரரசுக் காலத்தில் வாழ்ந்த கப்பதோக்கியா நாட்டு அரேத்தேயசு என்ற கிரேக்க மருத்துவர், உண்டது செரிக்காமல் கழிந்து உடல் மெலியும் நாட்பட்ட நோய் ஒன்றை விவரித்தார். வயிற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து அவர் இட்ட பெயரே இன்றைய 'சீலியாக்'. தற்கால மருத்துவத்தில் இந்நோயைத் தெளிவாக வரையறுத்தவர் இலண்டன் மருத்துவர் சாமுவேல் கீ. 1887இல் கிரேட் ஆர்மண்ட் தெருக் குழந்தைகள் மருத்துவமனையில் அவர் ஆற்றிய உரை 1888இல் கட்டுரையாக வெளிவந்தது. ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளை அதிகம் தாக்குவது, வெளிறிய நாற்றமிக்க மலம், ஊதிய வயிறு, நின்றுபோன வளர்ச்சி என அவர் எழுதிய அடையாளங்கள் இன்றும் பொருந்துகின்றன. நோய் குணமாகுமென்றால் அது உணவினால்தான் ஆகும் என்றும் அவர் எழுதினார்.

எந்த உணவு என்பதில்தான் அவர் தடம் மாறினார். மாச்சத்து மிகுந்தவை ஆகா என்று கருதி அரிசி, சவ்வரிசி, சோளமாவு ஆகியவற்றை விலக்கினார். மெல்லியதாக வெட்டி இருபுறமும் நன்கு வாட்டிய ரொட்டியைக் கொடுக்கலாம் என்றார். விலக்கப்பட்ட மூன்றும் நோயாளிக்குத் தீங்கற்றவை, அனுமதிக்கப்பட்டதே நஞ்சு. அதே கட்டுரையில் ஒரு குழந்தையின் கதையும் உண்டு. நாள்தோறும் டச்சுக் கடற்சிப்பிகளை நிறைய உண்டுவந்த அக்குழந்தை வியக்கத்தக்க வகையில் தேறியது. சிப்பிக் காலம் முடிந்ததும் மீண்டும் நலிந்தது. அடுத்த ஆண்டு அதே உணவைக் கொடுத்தபோது குழந்தை அதைத் தொட மறுத்துவிட்டது. சிப்பியில் என்ன இருந்தது என்பதைவிட, சிப்பி வந்தபோது தட்டிலிருந்து எது நீங்கியது என்று கேட்டிருந்தால் விடை அப்போதே கிடைத்திருக்கக்கூடும்.

வாழைப்பழக் காலம்

நியூயார்க் குழந்தை மருத்துவர் சிட்னி ஹாசு 1924இல் வாழைப்பழ உணவுமுறையை வெளியிட்டார். பத்துக் குழந்தைகளில் வாழைப்பழ முறையைப் பின்பற்றிய எட்டுப் பேரும் தேறினர், பின்பற்றாத இருவர் இறந்தனர் என்பது அவர் தந்த கணக்கு. வாழைப்பழத்துடன் பாலாடைக்கட்டி, இறைச்சி, காய்கறி, ஆரஞ்சுச் சாறு ஆகியவற்றை அவர் அனுமதித்தார். ரொட்டி, பிஸ்கட், உருளைக்கிழங்கு, தானியங்கள் அனைத்தையும் விலக்கினார். அடுத்த கால்நூற்றாண்டில் அமெரிக்காவில் பெரும்பாலும் நிலவியது இம்முறையே. எத்தனையோ குழந்தைகள் இதனால் பிழைத்தனர்.

பிழைக்க வைத்தது வாழைப்பழம் அன்று. தானியங்களோடு சேர்ந்து கோதுமையும் தட்டிலிருந்து போனதே காரணம். ஹாசு இதை ஏற்கவில்லை. மாச்சத்தைச் செரிக்கவைக்கும் ஆற்றல் வாழைப்பழத்தில் இருக்கிறது என்று நம்பினார். 1950களில் உண்மை வெளிவந்த பின்னரும் தம் கருத்தை அவர் மாற்றிக்கொள்ளவில்லை. இந்தத் தவறு ஏட்டளவில் நிற்கவில்லை. குணமாகிவிட்டது என்று கூறப்பட்ட குழந்தைகள் மீண்டும் ரொட்டி உண்ணத் தொடங்கினர். வெளியே நலமாகத் தெரிந்தவர் பலருக்கு உள்ளே குடல் பழுதாகிக்கொண்டிருந்தது. ஆண்டுகள் கழித்துச் சோகையும் எலும்புத் தேய்வும் வந்தபோது இரண்டையும் சேர்த்துப் பார்க்க எவரும் இல்லை.

டிக்கேயும் பசிக் குளிர்காலமும்

கோதுமையே குற்றவாளி என நிறுவியவர் நெதர்லாந்தின் வில்லம் டிக்கே (1905–1962). ஹேக் நகரின் யூலியானா குழந்தைகள் மருத்துவமனையில் பணியாற்றிய அவர் 1936இல் அதன் தலைமை மருத்துவரானார். ரொட்டியை நிறுத்தினால் தன் குழந்தையின் தோல் தடிப்பு விரைவில் மறைகிறது என்று ஒரு தாய் சொன்னது அவரைச் சிந்திக்க வைத்தது. 1930களின் நடுவிலேயே கோதுமை இல்லா உணவைச் சோதிக்கத் தொடங்கி, 1941இல் டச்சு மருத்துவ இதழில் அதைப் பற்றி எழுதினார்.

அதன்பின் போர் வந்து பெரிய அளவில் ஒரு சோதனையை நடத்திக்காட்டியது. 1944 செப்டம்பரில் இலண்டனிலிருந்த டச்சு அரசின் அழைப்பை ஏற்று ரயில்வே ஊழியர்கள் வேலைநிறுத்தம் செய்தனர். ஆக்கிரமித்திருந்த ஜெர்மானியர் பதிலடியாக மேற்கு நெதர்லாந்துக்கு உணவு போவதைத் தடுத்தனர். கால்வாய்கள் உறைந்தன. ஆம்ஸ்டர்டாம், ராட்டர்டாம், ஹேக் நகரங்களில் பங்கீடு நாளுக்கு 1000 கலோரிக்கும் கீழே இறங்கி, பின்னர் அதிலும் பாதியானது. மக்கள் சர்க்கரை பீட்ரூட் கிழங்கையும் துலிப் பூச்செடியின் கிழங்கையும் வேகவைத்து உண்டனர். ஏறத்தாழ 20,000 பேர் இறந்தனர். ரொட்டியே இல்லாத அந்தக் குளிர்காலத்தில் சீலியாக் குழந்தைகள் மோசமடையவில்லை என்பதை டிக்கே கண்டார். அது அவருடைய ஐயத்தை உறுதியாக்கியது.

பஞ்சத்தின்போதுதான் டிக்கேக்கு இந்த எண்ணம் தோன்றியது என்று பரவலாகச் சொல்லப்படுவது சரியன்று. 1941ஆம் ஆண்டுக் கட்டுரை அதற்கு முந்தையது. நேச நாட்டு விமானங்கள் போட்ட ரொட்டியை உண்டதும் குழந்தைகள் மீண்டும் நோயுற்றனர் என்ற கதையும் சுவைக்காகச் சேர்ந்ததாக இருக்கலாம். டிக்கேயின் உண்மையான உழைப்பு அதன் பின்னர் நடந்தது. அது மெதுவானது, பரபரப்பற்றது. சில குழந்தைகளை நீண்ட காலம் கண்காணித்து, கோதுமையைக் கொடுத்தும் நிறுத்தியும் எடையையும் உயரத்தையும் பதிந்துவந்தார். கோதுமை கொடுத்த காலத்தில் வரைகோடு சரிந்தது, நிறுத்தியபோது ஏறியது. இந்த ஆய்வுக்கு 1950இல் உத்ரெக்ட் பல்கலைக்கழகம் முனைவர் பட்டம் வழங்கியது. உத்ரெக்ட்டின் குழந்தை மருத்துவர் வையர்சும் வேதியியலாளர் வான் டே காமரும் மலத்தில் வெளியேறும் கொழுப்பைத் துல்லியமாக அளந்து அவருக்குத் துணைநின்றனர். ரையும் கெடுதலே, அரிசியும் மக்காச்சோளமும் கெடுதலற்றவை எனத் தெளிந்தது. 1952இல் பர்மிங்காம் குழுவினரும் இதை உறுதிசெய்து, தீங்கு மாச்சத்தில் இல்லை, குளூட்டனில்தான் உள்ளது என்று காட்டினர். கீ விலக்கிய அரிசிக்கு 64 ஆண்டுகள் கழித்து விடுதலை கிடைத்தது.

அடுத்து, நோயை வயிற்றைத் திறக்காமலே உறுதிசெய்யும் வழி பிறந்தது. 1956இல் இலண்டனில் மார்கோ ஷைனர் வாய்வழியாகக் குழாய் செலுத்திச் சிறுகுடலின் திசுவைக் கிள்ளி எடுத்தார். மறு ஆண்டில் அமெரிக்கரான கிராசுபி, விழுங்கத்தக்க சிறு உலோக உறை ஒன்றை அறிமுகம் செய்தார். உறிஞ்சிகள் தட்டையாகியிருப்பதையும், உணவை மாற்றியபின் அவை மீண்டும் வளர்வதையும் நுண்ணோக்கியில் கண்ணால் காண முடிந்தது. 1997இல் பெர்லின் ஆய்வாளர்கள், நோயெதிர்ப்பு மண்டலம் தாக்கும் நொதியை அடையாளம் கண்டனர். இன்று இரத்தப் பரிசோதனையில் தேடப்படுவது அந்த நொதிக்கு எதிரான எதிர்ப்பொருளே.

தட்டிலும் சட்டத்திலும்

நோயின் காரணம் தெரிந்த பிறகு கேள்வி சமையலறைக்கு மாறியது. பிரிட்டனில் 1968இல் சீலியாக் சங்கம் தொடங்கப்பட்டது. அதை நிறுவியவர்களுள் ஒருவர் பன்னாட்டு மன்னிப்பு அவையைத் தோற்றுவித்த பீட்டர் பெனன்சன்; அவருக்கே இந்நோய் இருந்தது. ரொட்டியை மருந்துச் சீட்டில் எழுதித் தரும் வழக்கமும் அந்நாட்டில் உண்டு. இத்தாலி 2005ஆம் ஆண்டின் சட்டம் வழியாக நோயாளிகளுக்கு உணவுச் செலவில் உதவுகிறது. கத்தோலிக்கருக்கு வேறொரு சிக்கல் எழுந்தது. நற்கருணை அப்பம் கோதுமையால் ஆனதாகவே இருக்க வேண்டும். குளூட்டன் அறவே இல்லாத அப்பம் செல்லாது, மிகக் குறைவாக உள்ளது செல்லும் என 2003இல் வத்திக்கான் தெளிவுபடுத்தியது.

'குளூட்டன் இல்லாதது' என்று பொட்டலத்தில் அச்சிடக் கிலோவுக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக்கூடாது என்பது 2008இல் திருத்தப்பட்ட பன்னாட்டு உணவுத் தரம். இந்தியாவிலும் அதே அளவுதான். நாளுக்கு 50 மில்லிகிராம் தொடர்ந்து உள்ளே போனாலே குடல் பழுதாகக்கூடும். ஒரு துண்டு ரொட்டியின் சிறு நுனியே அந்த அளவுக்குப் போதும்.

அரிசி உண்ணும் நாட்டில்

இந்தியாவில் 1960களில் வட இந்தியக் குழந்தைகளிடம் இந்நோய் பதிவானது. 2016இல் வெளியான பெரிய ஆய்வில் 23,331 பேர் சோதிக்கப்பட்டனர். நோய் உள்ளோர் வடக்கில் 1.23 விழுக்காடு, வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10. அதற்குரிய மரபணுக்கள் மூன்று பகுதிகளிலும் ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் இருந்தன. ஆனால் கோதுமை நுகர்வு வடக்கில் நாளுக்கு 455 கிராம், தெற்கில் வெறும் 25 கிராம். எனினும் வடகிழக்கிலும் கோதுமை 37 கிராமே என்பதால், கோதுமையின் அளவு மட்டுமே முழு விடையாகாது.

தமிழ்ச் சமையலில் இட்லி, இடியாப்பம், ஆப்பம், புட்டு, பொங்கல், கொழுக்கட்டை, அதிரசம் ஆகியவற்றுக்குக் கோதுமையே தேவையில்லை. கேழ்வரகு, கம்பு, தினை, சாமை, வரகு, குதிரைவாலி அனைத்தும் இந்நோயாளிக்கு உகந்தவை. ஐரோப்பிய நோயாளிகள் கடைகளில் வாங்கும் குளூட்டன் இல்லா ரொட்டியில் மாச்சத்து மிகுந்தும் நார்ச்சத்து குறைந்தும் இருப்பதுண்டு. 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து உள்ள கேழ்வரகு, எலும்பு நலிந்த நோயாளிக்கு அதைவிட நல்ல துணை.

இடர் வருவது எதிர்பாராத இடத்தில். கடைப் பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவு கலந்திருக்கும். சாம்பார், ரசம், முறுக்கு, ஊறுகாய் என எல்லாவற்றிலும் அது இறங்குகிறது. ரவை, சேமியா, மைதா ஆகியவை கோதுமையே என்று அறியாதவர்களும் உண்டு. கல்யாணப் பந்தியில் முதலில் வரும் கேசரியும் பாயசமும் அவற்றால் ஆனவை. மால்ட் பானங்களில் பார்லியும், சோயா சாசில் கோதுமையும் உண்டு. சப்பாத்தி சுட்ட கல்லிலேயே தோசை வார்ப்பதும், பூரி பொரித்த எண்ணெயில் வடை போடுவதும் சாதாரண வீட்டில் சிக்கனம். நோயாளி உள்ள வீட்டில் தனிக் கல்லும் தனிச் சல்லடையும் வேண்டும்.

மொழிபெயர்ப்பிலும் ஒரு குழப்பம் நேர்கிறது. ரை என்னும் குளிர்நாட்டுத் தானியத்தைச் சிலர் 'கம்பு' என்று தமிழாக்கிவிடுகின்றனர். இரண்டும் வேறு. அத்தகைய குறிப்பைப் படித்தவர் வீட்டிலுள்ள கம்பங்கூழைத் தேவையின்றி விலக்கிவிடுவார். வெளிநாட்டு ரை ரொட்டியைக் கம்பு ரொட்டி என்று எண்ணி உண்ணவும் கூடும்.

நோய் இருக்குமோ என்று ஐயுறுபவர்கள் பரிசோதனைக்கு முன்பே கோதுமையை நிறுத்திவிடக்கூடாது. நிறுத்திச் சில மாதங்கள் சென்றால் இரத்தத்தில் எதிர்ப்பொருள் குறைந்து, குடலும் ஆறிவிடும். அதன்பின் சோதித்தால் நோய் இல்லை என்றே முடிவு வரக்கூடும்; உறுதிசெய்ய மீண்டும் பல வாரங்கள் கோதுமை உண்ண நேரும்.