படகில் இரண்டாவது ஆள்

1949ஆம் வருஷம் அக்டோபர் 20ஆம் தேதி. அமெரிக்காவின் வடக்கே, விஸ்கான்சின் மாநிலத்தில், சிப்பேவா என்ற பெரிய நீர்த்தேக்கத்தில் ஒரு படகு. படகில் மூன்று பேர். தூண்டில் லூயி ஸ்ப்ரே என்பவர் கையில் இருந்தது. மதுக்கடை நடத்தியவர் அவர். அன்று பிடித்த மீனின் எடை 69 பவுண்டு 11 அவுன்ஸ் என்று பதிவாயிற்று. நம் கணக்கில் முப்பத்தொன்றரைக் கிலோவுக்குச் சற்று மேல். நீளம் ஐந்தேகால் அடி. கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அந்த மீனுக்கு மஸ்கலஞ்சு என்று பெயர். ஒஜிப்வே என்ற ஆதிக்குடி மக்களின் மொழியிலிருந்து வந்த பெயர் அது. மீன் பிடிக்கிறவர்கள் சுருக்கமாக மஸ்கி என்பார்கள். வாயெல்லாம் பல். பத்தாயிரம் தடவை தூண்டில் வீசினால் ஒரு தடவை அகப்படும் என்பது அதைப் பற்றிய பழமொழி. விஸ்கான்சின்காரர்கள் 1955இல் அதைத் தங்கள் மாநில மீனாகவே அறிவித்துவிட்டார்கள்.

நான் தூண்டில் பிடித்தவன் அல்ல. தண்ணீரில் மிதக்கும் தக்கையைப் பார்த்துக்கொண்டு அரைமணி நேரம் உட்காரப் பொறுமை இல்லாதவன். ஆனாலும் இந்த மீனின் சரித்திரத்தைப் படித்தபோது ஒரு கேள்வி என்னைப் பிடித்துக்கொண்டது. இத்தனை பெரிய ஜீவனைத் தண்ணீரிலிருந்து படகுக்குள் எப்படி ஏற்றினார்கள்?

துப்பாக்கியால் சுட்டுத்தான். திகைக்காதீர்கள். அந்த நாளில் அங்கே அது வழக்கம். சட்டமும் குறுக்கே நிற்கவில்லை. ஸ்ப்ரேயின் மீனையும் சுட்ட பிறகே படகில் ஏற்றினார்கள். சுடாதவர்கள் இரும்புக் கொக்கியால் குத்தி இழுப்பார்கள். அல்லது தடியால் தலையில் அடிப்பார்கள். மீன் எப்படியும் சாகப் போகிறது. ஏற்றும் விதத்தில் என்ன நாகரிகம் வேண்டியிருக்கிறது என்பது அவர்கள் எண்ணம். செத்த மீன்தானே சாட்சி? தராசில் போடலாம், படம் எடுக்கலாம், பாடம் செய்து சுவரில் மாட்டலாம்.

ஆனால் அந்தச் சாட்சி நிலைத்ததா என்று பாருங்கள். ஸ்ப்ரேயின் மீனுக்கு மூன்று மாதம் முன்னால், 1949 ஜூலையில், கால் ஜான்சன் என்பவர் 67 பவுண்டு 8 அவுன்ஸ் மீனைப் பிடித்திருந்தார். 1957இல் ஆர்ட் லாட்டன் என்பவர் 69 பவுண்டு 15 அவுன்ஸ் என்று ஒரு மீனைக் காட்டி, ஸ்ப்ரேயை நாலே நாலு அவுன்ஸில் ஜயித்தார். புகைப்படங்களை ஆராய்ந்து பார்த்து, 1992இல் அந்தச் சாதனையைத் தள்ளிவிட்டார்கள். ஸ்ப்ரேயின் பாடம் செய்த மீன் 1959இல் தீயில் எரிந்து போயிற்று. மிஞ்சிய படங்களை வைத்துக்கொண்டு 2005இல் அதன் பேரிலும் சந்தேகம் கிளப்பினார்கள். ஹேவர்டு ஊரிலுள்ள மீன்பிடிக் காட்சிசாலை 2006இல் ஸ்ப்ரே பக்கமே தீர்ப்புச் சொன்னது. சர்வதேச சங்கமோ ஜான்சனின் மீனைத்தான் ஏற்றுக்கொள்கிறது. கொன்று கொண்டுவந்த மீன்களாலும் வழக்கு முடியவில்லை.

இதற்குள் நீர்நிலைகளில் வேறொரு மாறுதல் நடந்துவிட்டது. பெரிய மஸ்கி என்றால் அநேகமாக அது பெண் மீன். முட்டையிட்டு வம்சத்தைக் காப்பது. அது அந்த அளவு வளரப் பல வருஷங்கள் ஆகும். கொன்றுகொண்டே போனால் பேரப்பிள்ளைகளுக்குப் பாடம் செய்த மீன்தான் மிஞ்சும் என்று சிலருக்கு உறைத்தது. 1966இல் மின்னசோட்டா மாநிலத்தில் மஸ்கி பிடிப்பவர்களே கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதே வருஷம் விஸ்கான்சினில் மீனைச் சுடுவதும் தடையாயிற்று. பிடித்த மீனை உயிரோடு விட்டுவிட வேண்டும் என்ற கொள்கை மெல்லப் பரவியது.

அப்போதுதான், படகின் மூலையில் கிடந்த கைவலைக்கு மரியாதை வந்தது. கைப்பிடி வைத்த வளையத்தில் பை போலத் தொங்குமே, அந்த வலைதான். பழைய வலையில் முடிச்சுகள் இருக்கும். அவை மீனின் மேலுள்ள வழவழப்பை உரித்துவிடும்; செதிலைக் கிழிக்கும். புதிய வலையில் முடிச்சு கிடையாது. நூலின் மேல் ரப்பர் பூச்சு இருக்கும். பை ஆழமாகவும், அடி தட்டையாகவும் இருக்கும். மீனைத் தூக்குவதற்கல்ல அது. தண்ணீரிலேயே நிறுத்தி வைப்பதற்கு. படகோரமாக வலைக்குள் மீன் மூச்சு விட்டுக்கொண்டிருக்கும். மேலே மனுஷன் நீண்ட குறடால் முள்ளைக் கழற்றுவான். கழலாத முள்ளை வெட்டியே எறிவான். முள் விலை போனால் போகிறது, மீன் பிழைக்க வேண்டும்.

எந்த வலையை வாங்குவது என்பது படகில் எத்தனை பேர் என்பதைப் பொறுத்தது. இரண்டு பேர் என்றால் வளையம் பெரிதாகவும், கைப்பிடி நீளமாகவும் இருக்கலாம். ஒருவன் தூண்டிலைப் பிடித்து மீனைத் தலைப்பக்கமாக அழைத்து வருவான். மற்றவன் வலையை முன்கூட்டியே தண்ணீரில் இறக்கிக் காத்திருப்பான். வாலின் பின்னால் வலையோடு துரத்தினால் மீன் போய்விடும், சிநேகமும் போய்விடும். இரண்டு கழிகளுக்கு நடுவே கட்டிய தொட்டில் வலை ஒன்று உண்டு. அது இரண்டாவது ஆள் இல்லாமல் ஆகாது.

தனியாகப் போகிறவன் பாடு வேறு. ஒரு கை தூண்டிலுக்குப் போய்விட்டது. மிஞ்சியது ஒரு கையும் ஒரு அக்குளும். அவன் வலை இலேசாக இருக்க வேண்டும். கைப்பிடியை முன்னதாகவே நீட்டி, எட்டும் இடத்தில் வைத்திருக்க வேண்டும். கைப்பிடி நுனியை அக்குளில் இடுக்கிக்கொண்டு மீனின் தலையை வளையத்துக்குள் விட வேண்டும். பை ஆழமாக இருந்தால்தான், அவன் தூண்டிலைக் கீழே வைத்துவிட்டு மூச்சு வாங்குகிற வரையில் மீன் வெளியே துள்ளாமல் கிடக்கும்.

அந்தத் தனி ஆளைத்தான் நான் அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன். பல வருஷம் வீசி, கடைசியில் ஓர் ஐந்தடி மீன் அவன் வலைக்குள் வருகிறது. சுற்றிலும் தண்ணீர்; ஒரு குஞ்சு மனுஷன் கிடையாது. அளந்து பார்க்கிறான். சீக்கிரம் விடாவிட்டால் மீன் செத்துவிடும். விட்டுவிட்டால் ஊரில் யார் நம்புவார்கள்? ஸ்ப்ரேயின் சாட்சிகள் படகிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். அவரையே உலகம் ஐம்பது வருஷம் கழித்துக் கூண்டில் ஏற்றியது.

இருந்தும் வளையத்தைச் சாய்த்து மீனை விட்டுவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஈர வலையை உதறி மடித்து வைத்துவிட்டு, வீட்டுக்குப் போய் மனைவியிடம் மட்டும் சொல்கிறார்கள். அவள் நம்பினால் போதும்.